கொன்றை என்று பெயர் சொல்லி வந்த மரம்

கூடலூரில் வீடு கட்டிக் குடிபுகுந்த ஆண்டில், வாசலில் நிழலுக்கு ஒரு மரம் வேண்டுமென்று நாற்றுப்பண்ணை ஒன்றுக்குப் போய், கொன்றைக் கன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வந்தேன். கொடுத்தவரும் கொன்றை என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. நட்ட மூன்றாம் ஆண்டே அந்த மரம் கூரையைத் தாண்டியது. எரு வைக்கவில்லை, முதல் கோடைக்குப் பிறகு தண்ணீரும் ஊற்றவில்லை. பக்கத்துத் தெரு ஆடுகள் வேலியோரச் செம்பருத்தியைத் தின்று தீர்த்தனவே தவிர, இந்த மரத்தின் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. இவ்வளவு சமர்த்தான மரம் நமக்கு வாய்த்ததே என்று நானும் என் மனைவியும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் பக்கத்து வீட்டுச் சேச்சி. சித்திரைப் பிறப்பையொட்டி வரும் விஷுவுக்குக் கணி வைக்க ஒரு கொத்துக் கொன்றைப்பூ கேட்டு அவர் வந்தபோது, எங்கள் மரத்தில் ஒரு பூக்கூட இல்லை. கிளை முழுவதும் கறுத்த நெற்றுகள்தான் தொங்கின. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது கணிக்கொன்ன இல்ல மாஷே, வேற ஏதோ" என்று சொல்லிப் போய்விட்டார். ஏதோ மண் வாகு, பருவம் தவறுகிறது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஆண்டும் மரம் வழக்கம்போலப் புரட்டாசியில் பூத்தது. ஐப்பசி வரை தெருவே மஞ்சளாக இருந்தது. கார்காலத்தில் பூக்கும் கொன்றையைத்தானே சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள் என்று ஒரு தமிழாசிரியனுக்குரிய சாமர்த்தியத்துடன் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பிழையைப் பாதுகாக்கப் படிப்பு எவ்வளவு உதவுகிறது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கு நாங்கள் சேர்ந்து போன ஒரு பயணத்தில்தான் எனக்கு உண்மையைச் சொன்னார். சாலையோரக் காட்டுக்குள் அதே மஞ்சள், அதே நிமிர்ந்த கொத்துகள். எங்கள் வீட்டு மரம் இங்கேயும் இருக்கிறதே என்று நான் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, என் மரத்தின் காய் எப்படியிருக்கும், இலை நுனி எப்படியிருக்கும், பூங்கொத்து தொங்குமா நிமிர்ந்து நிற்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, "சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நீங்கள் வாசலில் வைத்திருப்பது இந்தக் காட்டுக்கு வந்திருக்கும் நோய்" என்றார். ஸ்பெக்டாபிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கண்டு களிக்கத்தக்கது என்று பொருள். பெயர் வைத்தவர் அதன் அழகை மட்டும் பார்த்திருக்கிறார். நானும் அவ்வளவே பார்த்திருந்தேன்.

அந்த மூன்று கேள்விகளும் எனக்கு மிகவும் பயன்பட்டன என்பதால் அவற்றை விரிவாகவே எழுதுகிறேன். மஞ்சளாகப் பூக்கும் மரம் என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் யாரும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. சேச்சி கணிக்கொன்ன என்று சொன்ன சரக்கொன்றை, ஆவாரை, சாலையோர நிழல் மரமாக நிற்கும் இயல்வாகை, சயாம் கொன்றை என எத்தனையோ மஞ்சள்கள் இருக்கின்றன. சரக்கொன்றையின் பூங்கொத்து கிளையிலிருந்து கீழ்நோக்கிச் சரமாகத் தொங்கும். அதன் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த அயல் மரத்தின் கொத்தோ கிளையின் நுனியில் மேல்நோக்கி எழுந்து, பல கிளைகளாகப் பிரிந்து, விளக்குத்தண்டு போல நிற்கும். சரக்கொன்றைப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மூன்று மகரந்தத்தாள்கள் நீண்டு, வில்லாக வளைந்து வெளியே வந்திருக்கும். அயல் மரத்தின் பூவில் அப்படி நீண்டு வளைந்த தாள்கள் இல்லை. எல்லாம் குட்டையாக நடுவில் கூடியிருக்கும், இதழ்களில் நரம்புகள் தெளிவாகத் தெரியும். பூக்கும் காலமும் வேறு. சரக்கொன்றை பெரும்பாலும் இலை உதிர்த்துக் கோடையில் பூக்கிறது. இது தென்மேற்குப் பருவமழை ஓயும் காலத்தில், இலையடர்ந்த நிலையிலேயே பூக்கிறது.

பூ இல்லாத மாதங்களில் இலையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் அமைந்த கூட்டிலைதான், ஆனால் சரக்கொன்றையின் ஒரு கூட்டிலையில் நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகளே இருக்கும், ஒவ்வொன்றும் அகன்று பெரிதாக இருக்கும். அயல் மரத்தில் பெரும்பாலும் எட்டு முதல் பதினைந்து இணை வரை எண்ணலாம். அவை ஒடுங்கி நீண்டு, நுனி கூர்மையாக முடியும். அடிப்பக்கத்தை விரலால் தடவினால் மெல்லிய மயிர் தட்டுப்படும். சயாம் கொன்றையில் சிற்றிலையின் நுனி மழுங்கி, சிறிய பள்ளத்துடன் இருக்கும், காய் தட்டையாக இருக்கும் என்பதால் அதையும் பிரித்தறியலாம். இயல்வாகையின் இலை இரட்டைக் கூட்டிலை. நெற்று தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும். ஆவாரையைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அது செடி, சிற்றிலை இணைகளுக்கு நடுவே சிறு சுரப்பிகள் இருக்கும், அயல் மரத்தில் அவை கிடையாது.

ஆனாலும் நான் இன்று யாருக்காவது ஒரே ஒரு அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் நெற்றைத்தான் சொல்வேன். சரக்கொன்றையின் நெற்று கட்டைவிரல் தடிமனில், இரண்டு அடி வரைகூட நீண்டு, வழவழப்பாக, தடிபோலத் தொங்கும். அதற்குள் கரிய இனிப்பான சதை இருக்கிறது. குரங்கும் கரடியும் அதை உடைத்துச் சதையைத் தின்று விதையைப் பரப்பினால்தான் அந்த மரத்துக்கு அடுத்த தலைமுறை. அதாவது சரக்கொன்றை இந்தக் காட்டு விலங்குகளோடு ஒரு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது. அயல் மரத்தின் நெற்று சுண்டுவிரல் தடிமனில், ஒரு அடிக்கு உட்பட்ட நீளத்தில், மேற்பரப்பில் நெருக்கமான வளைய வரிகளோடு இருக்கும். முற்றிக் காய்ந்ததும் தானே ஒரு பக்கமாகப் பிளந்து விதைகளை உதிர்க்கும். அதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. எங்கள் வாசலில் விழுந்த ஒரு நெற்றை உடைத்து எண்ணினேன். 74 விதைகள் இருந்தன. ஒரு மரத்தில் எத்தனை நெற்றுகள் என்று எண்ணத் தொடங்கி, அன்று மாலை அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

மகரந்தச் சேர்க்கைக்கும் அதற்கு இங்கே குறையில்லை. அதன் மகரந்தப்பைகள் நுனித் துளை வழியாக மட்டும் மகரந்தத்தைக் கொட்டுபவை. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் வண்டினங்களால்தான் அதை எடுக்க முடியும். ஆவாரைக்கும் சரக்கொன்றைக்கும் பழகிய நம் ஊர்க் கருவண்டுகள் இதே வேலையை இந்த விருந்தாளிக்கும் செய்துகொடுக்கின்றன. புரட்டாசிக் காலையில் எங்கள் வாசலில் எழுந்த அந்த ரீங்காரத்தை நான் பல ஆண்டுகள் ரசித்துக் கேட்டிருக்கிறேன்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதிக் குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. நம் நாளிதழ்கள் இதை மஞ்சள் கொன்றை என்று எழுதுகின்றன. அதே பெயரை நெடுங்காலமாகச் சயாம் கொன்றைக்கும் வழங்கி வந்திருக்கிறார்கள். அரசாணையில் ஒரு மரத்தையும் மக்கள் மனத்தில் இன்னொரு மரத்தையும் அந்தப் பெயர் குறித்தால், வெட்ட வேண்டியது நிற்கும், நிற்க வேண்டியது வெட்டப்படும். மலையாளத்தில் இதற்கு ராட்சசக் கொன்னை என்றும் ஒரு பெயர் உண்டு. அது கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றினாலும், மக்களை எச்சரிக்க அதுவே மேல் என்று எனக்குப் படுகிறது. கொன்றை என்பது வெறும் மரப்பெயர் அல்ல. சிவனின் சடையில் இருப்பது, முல்லை நிலத்தில் பூப்பது. அந்தப் பெயரோடு வரும் எதையும் நம்மால் அந்நியமாகப் பார்க்க முடிவதில்லை. சீமைக்கருவேலத்துக்காவது பெயரிலேயே சீமை இருந்தது.

இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்க நாடுகள். அழகுக்காகவும் நிழலுக்காகவும் விறகுக்காகவும் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கு இதைக் கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் இதன் வரலாறு வயநாட்டோடு பிணைந்திருக்கிறது. 1980-களில் சமூகக் காடு வளர்ப்பின் பகுதியாக, முத்தங்கா போன்ற இடங்களில் நிழலுக்காக இது நடப்பட்டது. நட்டவர்களின் நோக்கத்தில் தவறில்லை. விரைவாக வளர வேண்டும், ஆடுமாடு கடிக்கக் கூடாது, பராமரிப்பு வேண்டாம் என்று அவர்கள் எதிர்பார்த்த எல்லாக் குணங்களும் இதற்கு இருந்தன. காட்டை விழுங்குவதற்குத் தேவையான குணங்களும் அவையேதான். இன்று 344 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இது பரவியிருக்கிறது. வயநாடு, முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே ஆகியவை வரைபடத்தில்தான் மூன்று மாநிலங்களில் தனித்தனி. நிலத்தில் அவை ஒரே காடு. 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் இந்த ஒரே காட்டை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தது. விதைக்கும் அந்த மாநில எல்லைகள் தெரியாது.

காட்டுக்குள் இது என்ன செய்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, ஒரு நாள் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணிபுரியும் இருளர் இளைஞர் ஒருவர், வன அலுவலரின் அனுமதியோடு எங்களைச் சிங்காரா பக்கம் ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார். சற்று முன்புவரை வெக்காலியும் தேக்கும் இடைவெளிவிட்டு நின்ற காடு. தரையில் முழங்காலளவு புல். வெயில் திட்டுத்திட்டாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு சட்டென்று நிழல் தடித்தது. அடிமரத்திலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்த மரங்கள் நெருக்கியடித்து நின்றன. மேலே விதானம் மூடியிருந்தது. கீழே புல் இல்லை, செடி இல்லை, உதிர்ந்த சிற்றிலைகளும் அதே மரத்தின் கன்றுகளும்தான் இருந்தன. "இதுக்குள்ள மான் நிக்காது சார், நின்னா என்னத்தத் திங்கும்?" என்று அவர் கேட்டார். தேக்கின் கன்றையோ மூங்கிலின் குருத்தையோ அந்த நிழலில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மரம் நிறைந்திருக்கிறது, ஆனால் காடு இல்லை என்ற அந்தக் காட்சி, தூரத்துச் சாலையிலிருந்து பார்க்கும் பயணிக்குப் பசுமையாகவும் மஞ்சளாகவும் மட்டுமே தெரியும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்தியது.

நிழல் ஒரு காரணம் என்றால், இலையின் வேதிப்பொருள்கள் இன்னொரு காரணம். இதன் இலைச்சாறு பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்தாவது கொடுக்குமே என்று நான் நண்பரிடம் வாதாடிப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் பல மரங்களுக்கு உள்ள வேர் முடிச்சுகள் இதற்கு உருவாவதில்லை என்று அவர் அந்த வாயிலையும் அடைத்துவிட்டார். யானை, காட்டெருது, புள்ளிமான், கடமான் ஆகிய அனைத்துக்கும் புல்லும் கீழ்மட்டச் செடிகளும்தான் உணவு. புல் போனால் அவை இடம் மாறும், அவற்றைத் தொடர்ந்து புலியும் மாறும். இதில் வயநாட்டுக்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. கோடையில் முதுமலையும் பந்திப்பூரும் வறண்டு போகும்போது யானைகள் தண்ணீரும் பசும்புல்லும் தேடிப் போகும் இடம் அது. அங்கே புல்வெளி சுருங்கினால் மூன்று மாநில யானைகளின் கோடைக்காலக் களஞ்சியம் சுருங்குகிறது என்று பொருள். யானைகள் ஊருக்குள் வருவதற்கு இந்த மரம்தான் காரணம் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். வழித்தடங்களை மறித்துத் தங்கும் விடுதி கட்டிய நாம் அத்தனை எளிதாகப் பழியை ஒரு மரத்தின்மேல் போட்டுவிட முடியாது. ஆனால் காரணங்களின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

உண்ணிச்செடியோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அதுவும் தோட்ட அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்து, பிறகு நாடெங்கும் காடுகளை நிறைத்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். உண்ணிச்செடி புதர், அதற்கு மேலே உள்ளூர் மரங்கள் தலை நிமிர்ந்து நிற்கின்றன. இது மேல்மட்டத்தையே பிடித்துக்கொள்கிறது. சிங்காராவில் நான் பார்த்த இடத்தில் உண்ணிச்செடியும் இல்லை. அதையே வளரவிடாத நிழல் அது.

அகற்றுவதைப் பற்றி எனக்கு என் வாசலிலேயே பாடம் கிடைத்தது. உண்மை தெரிந்த மாதமே ஆள் வைத்து மரத்தை அடியோடு வெட்டினேன். வெட்டிய நாளில் மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கஷ்டம் தீர்ந்துவிட்டது, ஏனென்றால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பதிலாகப் பதினாறு தண்டுகள் துளிர்த்து நின்றன. ஓடைக்கரையில் பல தண்டுகளோடு பார்த்த மரங்களின் கதையும் இதுவேதான் என்று அப்போது புரிந்தது. யாரோ ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு அவற்றையும் வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவதைவிடப் பட்டையை உரித்து, நின்ற நிலையிலேயே காயவிடுவது நல்லது என்பது கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. நெஞ்சளவு உயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் முழுமையாக உரித்து, அதற்கடியிலுள்ள வளர்படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். ஒரு விரற்கடை பட்டை விடுபட்டாலும் மரம் அதன் வழியாகப் பிழைத்துக்கொள்ளும். பிறகு மாதந்தோறும் போய் அடியில் வரும் துளிர்களை ஒடித்தெறிய வேண்டும். இலையில் உண்டான உணவு வேருக்குப் போகாமல், வேரிலுள்ள சேமிப்பும் தீர்ந்து, மரம் மெல்லச் சாகும். இளங்கன்றுகளை மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்குவதே வழி. தான்சானியாவின் மஹாலே மலைத் தேசியப் பூங்காவில், சிம்பன்சிகள் வாழும் காட்டிலும் இதே மரம் பரவி, அங்கேயும் பட்டை உரித்தே கட்டுப்படுத்தப் பார்த்தார்கள் என்று படித்தபோது, கண்டம் கடந்தும் தொல்லையும் ஒன்று, மருந்தும் ஒன்று என்று தோன்றியது.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், நீலகிரியில் சீகை என்று அழைக்கப்படும் வாட்டில் ஆகியவற்றோடு இந்த மரமும் அதில் முன்னுரிமை பெற்றது. சென்னை உயர் நீதிமன்றமும் இது தொடர்பான வழக்கைத் தொடர்ந்து விசாரித்து, அகற்றும் பணியின் அறிக்கைகளைக் கேட்டு வாங்கியது. அகற்றும் மரத்தைக் காகிதக்கூழுக்காக எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. இதைப் பலர் எதிர்க்கிறார்கள். காட்டுக்குள் லாரி போவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான டன் மரத்தைக் கூலி கொடுத்து அப்புறப்படுத்தும் பணம் வனத்துறையிடம் எப்போதும் இருக்காது என்பதால், கூழாவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். என் அச்சம் வேறு. ஆலைக்குத் தேவை தண்டு, காட்டுக்குத் தேவை வேர் சாவது. தண்டை எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுப் போனால் என் வாசலில் நடந்ததே ஆயிரம் மடங்காக நடக்கும். ஒப்பந்தத்தில் வெட்டும் எடையைக் குறிப்பதோடு, அதே இடத்துக்குத் தொடர்ந்து பல மழைக்காலம் திரும்பி வந்து துளிரும் கன்றும் அகற்ற வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அந்தத் திரும்பி வரும் வேலைக்கு, காட்டை அறிந்த இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களை நிலையான கூலியில் வைத்துக்கொள்ளலாம். வெறுமையான தரையில் உள்ளூர்ப் புல்லையும் மரத்தையும் வரவைக்காவிட்டால், அடுத்த மழையில் அந்த இடத்தை உண்ணிச்செடி எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் வாசல் கட்டை சாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த இடத்தில், இலையையும் நுனியையும் இரண்டு முறை சரிபார்த்து, நண்பரையும் கூட்டி வந்து காட்டிய பிறகு, ஒரு சரக்கொன்றைக் கன்றை நட்டிருக்கிறேன். அது மிக மெதுவாக வளர்கிறது. சேச்சி இன்னமும் விஷுப் பூவைக் கடைத்தெருவில்தான் வாங்குகிறார். பழைய மரத்தின் விதைகள் மட்டும் மண்ணில் தூங்கிக்கொண்டிருந்து, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சமாக விழிக்கின்றன. சென்ற ஆண்டு 61 கன்றுகள் பிடுங்கினேன். இந்த ஆண்டு ஆடி முடிவதற்குள் 23. வேலிக்கு அப்பால், ஓடைச் சரிவில், என் கைக்கு எட்டாத இடத்தில் இரண்டு கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன. மழை சற்று விட்டதும் கயிறு கட்டி இறங்க வேண்டும்.